பேச்சியிடம்தான் கேட்பாள் என் மகள்

பேச்சி போய்விட்டாள்...

நேற்று விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாளாம். ஆட்டோ வந்து நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இன்று மத்தியானம் எடுத்துவிட்டார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தென்காசியில் நான் பில் போடும் சூப்பர் மார்க்கெட்டில் ரேக் அடுக்கியவள் பேச்சியம்மாள். பழைய டேட்டை முன்னால் வைப்பது, புதுசைப் பின்னால் வைப்பது, டேட் முடிந்ததை எடுத்து ஓரங்கட்டுவது... அதுதான் அவள் வேலை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் வீடு.

காலையிலிருந்து ஃபேஸ்புக்கில் எல்லோரும் "தங்கமான மனசு" என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், பொய் இல்லை. ஆனால் வயிற்றெரிச்சல் இல்லாமல் நான் அவளைப் பார்த்ததே கிடையாது. செத்த பிறகும் அது போக மாட்டேன் என்கிறது... என்ன செய்ய!

காரணம் என் மகள் சுபா.

என் வீட்டில் டேட்தான் சட்டம். ஒரு நாள் தாண்டினாலும் போச்சு, பிஸ்கட்டா சேமியாவா என்று பார்க்க மாட்டேன், நேரே குப்பைக்கூடை. டேட் நெருங்கிய சாமானைக் கடையில் எங்களுக்குப் பாதி விலைக்குத் தருவார்கள். நான் தொட மாட்டேன். பேச்சி பை நிறைய வாங்கிப் போவாள்.

கேக், சாக்லேட், சீஸ், ஜாம்... பிறகென்ன, ஸ்கூல் விட்டதும் சுபா செருப்பைக் கழற்றுவது அங்கேதான்.

"சித்தி" என்று வேறு கூப்பிடுவாள். எனக்குக் கூடப்பிறந்த தங்கச்சியே கிடையாது. எங்கிருந்து வந்தாள் இந்தச் சித்தி?

ஒரு குற்றால சீசனுக்குக் கடையிலிருந்து எல்லோருமாக ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். சுபா அப்போது அஞ்சாம் கிளாஸ். நான் விடிய எழுந்து புளியோதரை கிண்டி, உருளைக்கிழங்கு வறுத்து, தூக்குவாளியில் கட்டிக்கொண்டு போயிருந்தேன். குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்தவள் என்னைத் தாண்டி நேரே பேச்சியிடம் போனாள். அவள் பையில் ஸ்லைஸ் கேக்.

பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். முந்தின நாளோடு முடிந்திருந்தது.

"ஏட்டி, எம்புள்ளைக்கு என்னத்தக் குடுக்க? டேட்டு போயிட்டுல்லா!"

"யக்கா, அது பெஸ்ட் பிஃபோர்லா. கொஞ்சம் ருசி குறையும், அம்புட்டுதான். பூசணம் இருக்கான்னு பாருங்க, மோந்து பாருங்க, அப்புறம் ஏசுங்க. எக்ஸ்பைரின்னு போட்டிருந்தா நானே குடுப்பனா?"

நான் கேட்கவில்லை. சுபா கையிலிருந்ததைப் பிடுங்கி வீசினேன். ஒரு குரங்கு வந்து அதை எடுத்து, நிதானமாக உட்கார்ந்து தின்றது.

பேச்சி அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "கொரங்கு நல்லாத்தான் இருக்குது யக்கா" என்றாள்.

அத்தனை பேரும் சிரித்தார்கள். சுபாவும் சிரித்தாள்... பேச்சி மடியில் சாய்ந்துகொண்டு. என் புளியோதரையை அவள் தொடவில்லை.

இப்போது சுபா கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். ரூம் எடுத்துச் சமைத்துச் சாப்பிடுகிறாள். போன மாதம் ஒரு மத்தியானம், கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சி தன் போனை என்னிடம் நீட்டினாள்.

"கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன் யக்கா. சுபா என்னமோ அனுப்பியிருக்கா, வாசிங்க."

வாட்ஸ்அப்பில் ஒரு பன்னீர் பாக்கெட் படம். கீழே, "சித்தி, டேட் இன்னும் இருக்கு. ஆனா பிரிச்சு ஒரு வாரமாச்சு. சாப்பிடலாமா?"

விரல் சும்மா இருக்குமா? மேலே தள்ளிப் பார்த்தேன். தயிர் படம், பிரட் படம், மாவு படம், முட்டை படம்... எல்லாவற்றுக்கும் "சித்தி, சாப்பிடலாமா?" எனக்கு அவள் அனுப்புவது "சாப்ட்டேன்மா", "ம்", அவ்வளவுதான்.

"டேட்டுதான் இருக்குல்லா, சாப்பிடட்டும்" என்றேன், முந்திக்கொண்டு.

பேச்சி மைக்கை அமுக்கினாள். "ஏளா சுபா, டேட்டெல்லாம் பாக்கெட்டப் பிரிக்கது வரைக்குந்தான். பிரிச்சிட்டா அது பேச்சில்ல. கொழகொழன்னு இருக்குதா? சவத்தத் தூரப் போடு."

உடனே பதில் வந்தது. "போட்டுட்டேன் சித்தி." கூடவே ஒரு ஹார்ட்.

நான் தூரப் போடு என்றால் சண்டைக்கு வருகிறவள்! அன்று சாயங்காலம் வரைக்கும் பில்லைத் தப்புத் தப்பாக அடித்துக்கொண்டிருந்தேன்.

பொறுக்க முடியாமல் சுபாவிடமே கேட்டுவிட்டேன், ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று. "நீ எதக் காட்டுனாலும் தூரப் போடுன்னுதானம்மா சொல்லுவ. கேக்கதுக்கு என்ன இருக்கு?" என்றாள்.

நேற்று சேதி கேட்டதும் லீவு சொல்லிவிட்டு ராத்திரி பஸ் ஏறினாள். காலையில் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். முகம் வீங்கிப்போய் இறங்கினாள்.

"வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போலாம்ட்டி."

"நீ போம்மா. நான் சித்தி வீட்டுக்குப் போறேன்."

கையில் ஒரு கவர். கோடிச்சேலை, பச்சையில். சம்பாதிக்க ஆரம்பித்து எனக்கு அவள் இன்னும் ஒரு சேலை எடுத்ததில்லை. பிணத்துக்குப் போடும் கோடியைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பொம்பளை ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதைப் போர்த்திவிட்டுக் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள் பாருங்கள்... எனக்கும் அழுகைதான். எதற்கு அழுதேன் என்று கேட்காதீர்கள்.

வாசுதேவநல்லூரிலிருந்து வந்திருந்த சொந்தக்கார ஆச்சி ஒருத்தி என் கையைத் தொட்டாள். "பேச்சிக்கு மவ உண்டா? எங்களுக்குத் தெரியாதே."

"இல்ல. எம்மவ" என்றேன்.

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சுபா திரும்பவில்லை.

போயிட்டு வா பேச்சி... நான் போனால் சுபா இப்படி அழுவாளா என்று தெரியவில்லை.