யா சொல்லி மாற்றிய பென்சன்

டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோவில் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் நின்றேன். அதை மூடினார்கள். பிறகு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை கிடைத்தது. பென்சன் காசு பழைய பென்சன் கொம்பனியில் கிடந்தது. புது வேலைக்கு வேறு கொம்பனி.

ஒரு நாள் புதுக் கொம்பனிப் பெண் போன் எடுத்தாள். பழைய காசையும் இங்கே கொண்டுவரலாம், வேலை மாறியவர்களுக்குச் செலவில்லை என்றாள். யா என்றேன். பிறகும் ஏதேதோ கேட்டாள். எல்லாவற்றுக்கும் யா, யா.

டெனிஷில் நாங்கள் முதலில் பழகிய சொல் அது. ஓம் என்று அர்த்தம். போர்மன் எது சொன்னாலும் யா சொல்வோம். விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். பக்கத்தில் நிற்பவளின் கையைப் பார்த்து வேலையைப் பிடித்துக்கொள்வோம். இறைச்சி வெட்ட அது போதும்.

அடுத்த கிழமை கடிதம் வந்தது; இங்கே இப்படிக் கடிதங்கள் போனுக்குத்தான் வரும், ஒப்பமும் அதிலேயே. என் மனுஷன் பார்த்தார்.

"உம்மட ஒப்பம்தான் கேக்கினம். போடும்."

போட்டேன். அவரும் வாசிக்கவில்லை.

நாலு மாதத்தில் வலது தோள் போனது. இனிப் பாதி நேரம்தான் வேலை செய்யலாம் என்றார் டொக்டர். பாதிச் சம்பளத்தில் வாடகை கட்ட ஏலாது. தொழிற்சாலையில் என்னோடு நின்ற ஓர் அக்காவுக்கும் தோள்தான்.

"பாதி ஏலாமப் போனதுக்கே எனக்குப் பழைய கொம்பனி மாதாமாதம் தருது. வேலை விட்டு ஒரு வருசத்துக்கு பென்சனோட சேர்ந்த அந்தக் காப்புறுதி நிக்குமாம். நீரும் கேளும்" என்றா.

கேட்டேன். பழைய கொம்பனியில் கதைத்தவன் மரியாதையான பொடியன்தான். உங்கள் காசு இங்கே இல்லை, காசு போன அன்றே காப்புறுதியும் முடிந்தது, திரும்ப எடுக்க முடியாது என்றான். புதுக் கொம்பனியில் கேட்டேன். அங்கே மூன்றில் இரண்டு பங்கு வேலை செய்ய ஏலாமல் போனால்தான் தருவார்களாம். எனக்குப் பாதிதான் போயிருக்கிறது.

அந்த போன் கதையைப் பதிந்து வைத்திருந்தார்கள். மகள் வாங்கிக் கேட்டாள். அவள் என்னோடு டெனிஷில்தான் கதைப்பாள். அன்று தமிழில் சொன்னாள்.

"அம்மா, அவ வடிவாச் சொல்லியிருக்கிறா. பழைய காப்புறுதி போகும், விளங்கினதோ எண்டு ரெண்டு தரம் கேட்டவ."

"நான் என்ன சொன்னனான்?"

"யா."

"ரெண்டு தரமுமோ?"

"ரெண்டு தரமும். சிரிச்சும் இருக்கிறீங்கள்."

மனுஷன் வாயைத் திறந்தார். "ஏனப்பா, விளங்கேல்லை எண்டு சொல்லியிருக்கலாம்தானே?"

"நீங்கள் வாசிச்சிருக்கலாம்தானே?"

எழும்பிப் போனார்.

யாரில் கோபிக்கிறது? போனில் கதைத்த பெண் பொய் சொல்லவில்லை. சட்டமும் சரியாம். மாற்றச் செலவில்லை என்றார்கள், அதுவும் உண்மைதான். ஒரு சதமும் எடுக்கவில்லை. ஆனால் பத்தொன்பது வருடம் என் சம்பளத்தில் வெட்டிய காசு அது. குளிர் அறையில் நின்று தேய்ந்த தோள் இது. அந்த ஒரு வருடம் முடியும்வரை பொறுத்து மாற்றியிருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. அதை நினைத்தால் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது.

பாதி நேரம் கேட்டு எழுதிய கடிதத்தைத் திருப்பி வாங்கிவிட்டேன். முழு நேரம்தான் போகிறேன். பெரிய பானையை இடது கையால் இழுக்கிறேன்.