சாயம் என்று சொன்ன தூள்

மஞ்சள் தூள் எதைக் கண்டாலும், குசினியில் இருக்கும் மஞ்சளைக் கண்டாலும்கூட, எனக்கு ஒரு பெண் குரல் கேட்கிறது. இந்த வயதிலும் அது என்னை விட்டபாடில்லை.

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னில் நான் ஆராய்ச்சி மாணவன். அங்கே பிரன்ஸ்விக் பகுதியில், யாழ்ப்பாணத்து அங்கிள், அன்ரி வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஆய்வுகூடத்தில் என் வேலை பிளாட்டினச் சேர்வைகள் செய்வது. நடுவில் ஒரு பிளாட்டினம் அணு. அதைப் பிடித்தபடி இரண்டு அமோனியா, இரண்டு குளோரின். குளோரின் இரண்டும் அருகருகே அமைந்தால் எலியின் புற்றுக்கட்டி சுருங்கும். எதிரெதிரே போய்விட்டால் வெறும் மஞ்சள் தூள். அப்படிப் போன நாட்களில் குடுவைகளோடு சண்டை பிடிப்பேன்.

அன்ரிக்குச் சூலகத்தில் புற்றுநோய் என்று தெரிந்த அன்று அங்கிள் என்னைக் கராஜுக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, அவவுக்கு வயித்திலை புண் எண்டுதான் சொல்லியிருக்கிறன். உம்மடை வேலையைப் பற்றியும் வாய் திறக்கப்படாது. கேட்டா, துணிக்குப் போடுற சாயம் எண்டு சொல்லும்."

எங்கள் ஆட்கள் நோயின் பெயரை ஊருக்கெல்லாம் சொல்வார்கள், நோயாளிக்கு மட்டும் சொல்லமாட்டார்கள். அன்ரிக்கு ஆங்கிலம் வராது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வதை மொழிபெயர்த்தவரும் அங்கிள்தான்.

"இண்டைக்கு நிறம் வந்ததோ தம்பி?" புட்டைப் பரிமாறியபடி அன்ரி கேட்பார்.

"ஓம் அன்ரி, நல்ல மஞ்சள்."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஒருநாள் சந்தோஷத்தில் உளறிவிட்டேன். "இண்டைக்கு எலியளுக்கு ஊசி போட்டனாங்கள்!" அங்கிளின் கை கோப்பையிலேயே நின்றது. அன்ரி தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார். ஒன்றும் கேட்கவில்லை. அப்பாடா என்று நினைத்துக்கொண்டேன்.

குளிர்காலத்தில் அன்ரியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கிள் தேநீர் வாங்கப் போன நேரம், அன்ரி என்னைக் கதிரையைக் கிட்ட இழுக்கச் சொன்னார்.

"அந்த எலியள் உயிரோடை இருக்குதுகளோ?"

"இருக்குதுகள் அன்ரி. கட்டி சுருங்கிப்போச்சு."

"அப்ப எனக்கு ஏன் தம்பி தரேல்லை?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், மனிதருக்குக் கொடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை என்றெல்லாம் பிறகு எத்தனையோ தரம் ட்ராமில் இருந்தபடி மனதுக்குள் அவருக்கு விளக்கியிருக்கிறேன். அவர் போய்ச் சில ஆண்டுகளில் அந்த வகை மருந்து அதே ஆஸ்பத்திரிக்கு வந்தபோதும் விளக்கினேன். அன்றைக்கு அவருடைய போர்வையைத்தான் இழுத்துச் சரிசெய்தேன்.

அன்ரி என் கையைத் தட்டினார். "எனக்குத் தெரியுமெண்டு அவரிட்டைச் சொல்லிப்போடாதையும். பாவம், தாங்கமாட்டார்."

அங்கிள் தேநீரோடு உள்ளே வந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன கதைச்சுக்கொண்டிருக்கிறியள்?"

"சாயத்தைப் பற்றித்தான்," என்றார் அன்ரி. "இந்தமுறை நிறம் நல்லா வந்திட்டுதாம்."