இறங்க முடியாத தாய்மாமன்

பட்டாசு லோடு ஏற்றிய லாரிக்கு எல்லா ஊரிலும் ஒரே மரியாதைதான்: "அங்கன தள்ளிப் போய் நிப்பாட்டுலே!" டீக்கடைக்காரர் விரட்டுவார். பூசாரிகூட விரட்டுவார். அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனியே லோடு ஏறியதும் டிரைவர் பலவேசத்தை வெளியே விரட்டிவிட்டது. கருவேலம் முளைத்த பொட்டலில், சீர் பத்தாத மாப்பிள்ளைபோல லாரி தனியாக நின்றது.

பில் வரும்வரை வண்டியைவிட்டு நகரக்கூடாது. அவருடைய லைசென்ஸ், மேனேஜர் கனகசபாபதியின் டிராயரில் இருந்தது. டிரைவர் ஓடிவிடக் கூடாதாம்.

பாட்னா வரைக்கும் போகிற லோடு, இரண்டு டிரைவர் என்றுதான் பேச்சு. காலையில் இன்னொரு டிரைவர் சோலைமலை வந்து வண்டியைப் பார்த்துக்கொண்டால், பலவேசம் இருக்கன்குடிக்குப் போய்விட்டு வரலாம். அங்கே கோயிலில் அவர் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி வேண்டுமே.

உச்சி வெயில் ஏறியும் சோலைமலையைக் காணோம். மேனேஜருக்குப் போன் போட்டார்.

"அண்ணாச்சி, சோலைமலை எங்க?"

"அவனை வேற லோடுல ஏத்திவிட்டாச்சு. நீ ஒருத்தனே ரெண்டாளுக்குச் சமம்லே."

"அப்ப அதுல ஓராளை இருக்கன்குடிக்கு அனுப்புங்க."

கனகசபாபதி நன்றாகச் சிரித்துவிட்டு போனை வைத்தார்.

அடுத்து தங்கச்சி பாண்டிச்செல்வி கூப்பிட்டாள். "மொட்டை எடுத்தாச்சுண்ணே. ஆசாரி காத்துக்கிட்டு இருக்காரு. வாறீகளா, இல்லையா?"

"சித்தப்பன் மடியில வச்சுக் குத்தும்மா."

"மாமன் உசுரோட இருக்கையில சித்தப்பன் எதுக்கு? அங்கனயே இருங்க."

இருக்காமல் எங்கே போவது?

ஆட்டோ வந்து தள்ளி நின்றது. பாண்டிச்செல்வி, அவள் புருஷன் முனியராஜ், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை, கூடவே ஆசாரி. லாரியைப் பார்த்ததும் ஆசாரிக்கு நடை குறைந்தது.

"இதுக்குள்ளயா குத்தணும்? வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருப்பேனே."

"பயப்படாதீக. வெடிச்சா யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்காது" என்றார் முனியராஜ்.

டிரைவர் சீட்டில், பலவேசத்தின் மடியில், குழந்தை ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டது. ஊசி இறங்கியது. அது போட்ட சத்தத்துக்கு ஹாரன் தோற்றது. ஆனால் குழந்தையைவிட மாமனின் உதடுதான் அதிகம் கோணியது.

பாண்டிச்செல்வி தட்டில் சூடத்தை வைத்தாள். ஆசாரி கீழே குதித்தே விட்டார். "ஏ தாயி! கொஞ்சம் தள்ளிப் போ தாயி!"

குழந்தையோடு எல்லாரும் பொட்டலின் அந்தக் கோடிக்குப் போனார்கள். வெயிலில் சுடர் தெரியவில்லை. தங்கச்சியின் கை வட்டம் போடுவது மட்டும் தெரிந்தது. பலவேசம் கேபினுக்குள் இருந்தே வெறும் காற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்போது கம்பெனி ஆள் பைக்கில் வந்து பில்லையும் லைசென்ஸையும் நீட்டினான்.

"வண்டியை உடனே எடுக்கச் சொன்னாக."

"ரெண்டாவது ஆளு?"

"வழியில ஏறுவாருன்னாக." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்.

"தங்கச்சி திருநீறு கொண்டாறா. பூசிட்டு எடுக்கேன்."

"நீங்க எடுத்ததைப் பாத்துட்டுத்தான் நான் போகணும், அண்ணே. இல்லாட்டி லைசென்ஸைத் திருப்பி வாங்கிட்டு வரச் சொல்லிருக்காக."

எடுக்க மாட்டேன் என்ற சொல் தொண்டைவரை வந்தது. லைசென்ஸ் திரும்பப் போய்விட்டால் எந்த வண்டியில் ஏறுவது? சாவியைத் திருகினார்.

பாண்டிச்செல்வி தட்டோடு ஓடிவந்தாள். பின்னால் முனியராஜ் குழந்தையைத் தூக்கிக் காட்டினார். பலவேசத்துக்குக் கையசைக்க ஆசை. பொட்டல் பள்ளத்தில் ஸ்டீயரிங் அவருடைய இரண்டு கையையும் கேட்டது.