காதில் விழாத மூன்று பீப்

டெல்பர்ட் ஹ்ருஷ்காவுக்குக் காது மந்தமாகி மூன்று வருடமாகிறது. கான்சாஸின் கோதுமைக் கிடங்குக் கோபுரத்தில் முப்பத்தோரு வருடம் இயந்திர இரைச்சலுக்கு நடுவே நின்றவருக்குக் காது மிஞ்சியிருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் அதை ஒப்புக்கொள்ள மனுஷனுக்கு வாய் வராது. மனைவி லோரீன் இரண்டு முறை கூப்பிட்டு, மூன்றாம் முறை தோளைத் தட்டினால், "காதுல விழுந்துச்சு, யோசனையில இருந்தேன்" என்பார்.

"யோசனையாம் யோசனை. நாளெல்லாமா யோசிப்பே? ஒரு காது மெஷின் வாங்கித் தொலையேன்."

அதோடு எழுந்து ஷெட்டுக்குப் போய்விடுவார். ஷெட்டில்தான் ராக்கெட் இருந்தது.

ஊர் ராக்கெட் சங்கத்தில், தானே செய்த ராக்கெட்டை ஏவிக் காட்டும் தேர்வுகள் உண்டு; முதல் நிலைத் தேர்வை டெல்பர்ட் விளையாட்டாகவே தாண்டிவிட்டார். சின்ன ராக்கெட், மோட்டாரே வெடித்துப் பாராசூட்டைத் தள்ளிவிடும். இரண்டாம் நிலை அப்படியல்ல. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் அந்தக் குழாய் ஐயாயிரம் அடி போகும். உள்ளே தீப்பெட்டி அளவு கருவி ஒன்று காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் கணிக்கும். உச்சியில் ஒரு வெடிமருந்தைப் பற்றவைத்துச் சின்னப் பாராசூட்டையும், தரைக்குக் கிட்டே வந்ததும் இன்னொரு மருந்தைப் பற்றவைத்துப் பெரிய பாராசூட்டையும் வெளியே தள்ளும். ஏவுமேடையில் நிறுத்திய பிறகுதான் அந்தக் கருவியை உயிர்ப்பிக்க வேண்டும். குழாயின் ஓட்டைக்குள் சின்ன ஸ்குரூ டிரைவரை விட்டு ஸ்விட்சைத் திருகினால் மூன்று பீப் வரும். மூன்று என்றால் இரண்டு மருந்தும் இணைப்பில் இருக்கின்றன. சத்தம் வராவிட்டால் ராக்கெட்டை இறக்கிவிட வேண்டும். ஏவுபவரும் சாட்சியும் இரண்டு பேருமே அந்தச் சத்தத்தைக் கேட்டாக வேண்டும் என்பது சங்கத்தின் விதி.

சாட்சியாக வந்தவர் ராய்ஸ் டிமெல். சங்கத் தலைவர், எழுபதைத் தொட்டவர், டெல்பர்ட்டின் இருபது வருடக் கூட்டாளி. இரண்டு வருட உழைப்பு அன்று மேடையில் நின்றது. மேய்ச்சல் நிலத்தில் காற்று ஊளையிட்டது. டெல்பர்ட் முட்டி போட்டு ஸ்விட்சைத் திருகினார். குளிரில் விறைத்த விரலுக்கு அது இறுகியதா, நழுவியதா என்று தெரியவில்லை. குழாயில் காதை ஒட்டினார். ஒன்றுமில்லை. காற்று மட்டும்தான்.

"காதுல விழுதாடா டெல்?" என்றார் ராய்ஸ்.

பின்னால் தடுப்புக் கயிற்றுக்கு அந்தப்புறம் நாற்பது பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இல்லை என்று சொன்னால் ராக்கெட்டை இறக்க வேண்டும். பிறகு ஏன் என்று சொல்ல வேண்டும்.

"விழுது," என்றார் டெல்பர்ட். "உனக்கு?"

ராய்ஸும் குனிந்து காதை வைத்தார். "மூணு. ஜம்முனு இருக்கு. வா, போலாம்."

ராக்கெட் அழகாகத்தான் ஏறியது. உச்சியில் திரும்பியது. எல்லோரும் பாராசூட்டுக்காக அண்ணாந்து காத்திருந்தார்கள். வரவில்லை. யாரோ "தலைக்கு மேல வருது, பாருங்க!" என்று கத்தினார்கள். ஏறிய வேகத்திலேயே இறங்கிய ராக்கெட், நாற்காலி வரிசைக்கு நாற்பது அடி தள்ளி மண்ணில் மூன்றடி புதைந்தது. ஒரு பெண் குழந்தையை வாரி அணைத்துக்கொண்டு ஓடினாள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

டெல்பர்ட் மண்வெட்டியால் தோண்டி எடுத்துக் குழாயைப் பிரித்தார். நசுங்கிய கருவியில் ஸ்விட்சு இரண்டு சுற்றுத் தளர்ந்தே கிடந்தது. அது உயிர்பெறவே இல்லை. உயிர்பெறாத கருவி எப்படி மூன்று பீப் போடும்? அவர் நிமிர்ந்து ராய்ஸைப் பார்த்தார். ராய்ஸ் தன் பூட்ஸில் ஒட்டிய மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் சங்கக் குழு கூடியது. கோசும் மாட்டிறைச்சியும் அடைத்த பீராக் ரொட்டி மேசையில் ஆறிக்கொண்டிருந்தது, யாரும் தொடவில்லை.

"ஸ்விட்சு ஆன் ஆகவே இல்ல," என்றார் டெல்பர்ட். "ராய்ஸுக்கும் காதுல விழுந்திருக்க முடியாது."

"எனக்கு விழுந்துச்சு," என்றார் ராய்ஸ் நிதானமாக. "விழுந்த வேகத்துல ஸ்விட்சு கழண்டிருக்கும். ஏன்டா, உனக்கும் விழுந்துச்சுன்னு நீயே சொன்னியே?"

டெல்பர்ட்டுக்கு அந்த நாற்காலி வரிசை கண்முன் வந்தது. கடைசியில் மூன்று வருடமாக மனைவியிடம் சொல்லாததை ஏழு பேர் முன்னால் கொட்டினார்.

"பொய் சொன்னேன். எனக்கு அந்தச் சத்தம் கேக்காது. ரொம்ப நாளா கேக்காது. இவனுக்கும் கேக்காது."

"பாத்தீங்களா!" ராய்ஸ் மேசையைத் தட்டினார். "காது கேக்காத ஆளு பொய் சொல்லி நம்ம எல்லார் தலையிலயும் ராக்கெட்டை இறக்கப் பாத்திருக்கான். இப்ப என்னையும் சேத்து இழுக்கிறான்."

ஏழு பேர் கை தூக்கினார்கள். டெல்பர்ட் இனி எந்த நிலையிலும் ஏவக் கூடாது. ராய்ஸின் கைதான் முதலில் உயர்ந்தது. உண்மையைச் சொன்னவன் வெளியே, சொல்லாதவன் தலைவர் நாற்காலியில். நியாயம் அன்றைக்கு அந்த அறைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

மறு மாதம் அவர் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தார். கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கும் கென்ட்ரா என்ற பெண்ணுக்கு இரண்டாம் நிலைத் தேர்வு. சாட்சி ராய்ஸ். அவர் குனிந்து குழாயில் காதை வைப்பதைப் பார்த்ததும் டெல்பர்ட்டுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"அந்த ஆளுக்குக் காது கேக்காதும்மா! நம்பாதே!"

எல்லோரும் திரும்பினார்கள். யாரோ சிரித்தார்கள். "வயித்தெரிச்சல் பிடிச்ச மனுஷன்" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது, காதில் விழாவிட்டாலும், உதட்டசைவில் புரிந்தது. கென்ட்ராவின் ராக்கெட் ஏறி, இரண்டு பாராசூட்டும் விரிந்து, பூப்போல இறங்கியது. கைதட்டினார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் கென்ட்ரா அவரைத் தேடி வந்தாள். அவருக்குப் புரிய வேண்டும் என்று முகத்துக்கு நேரே நின்று மெதுவாகப் பேசினாள்.

"நீங்க சொன்னது நிஜந்தான் சார். நான் ஸ்விட்சைத் தொடறதுக்கு முன்னாலயே அவரு குனிஞ்சு, மூணுன்னு சொல்லிட்டாரு."

டெல்பர்ட் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இதைக் குழுவுல சொல்லும்மா. ஒரே ஒரு வார்த்தை."

அவள் மெல்லக் கையை உருவிக்கொண்டாள். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த இரண்டாம் நிலைச் சான்றிதழைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இதுல அவரு கையெழுத்துதானே சார் இருக்கு," என்றாள்.