சிங்களம் கதைத்த அம்ப்ளிபயர்

போன கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளையின் சித்தப்பா மைக்கைப் பிடித்து வாழ்த்திக்கொண்டிருக்கும்போது ஒலிபெருக்கி கருவாடு பொரிவதுபோலச் சடசடத்தது. சபையில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சித்தப்பாவின் பேச்சுக்கு இதுவே மேல் என்று நினைத்திருப்பார்கள். எனக்கோ உள்ளங்கை பரபரத்தது. எழுந்துபோய் அந்தப் பெட்டியின் கன்னத்தில் ஒன்று போடவேண்டும் போலிருந்தது. இந்தக் கெட்ட பழக்கம் எனக்கு யுத்த காலத்தில் தொற்றியது.

அப்போது நாங்கள் மூன்று பேர் ஓர் இசைக்குழு வைத்திருந்தோம். குழு என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். லீட் கிற்றார் அன்ரன், கொட்டாஞ்சேனைக்காரன், துறைமுகத்தில் வேலை. டிரம்ஸ் குகன், யுத்தம் நடந்த வடக்கிலே பருத்தித்துறையிலிருந்து வந்து எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தவன். வெளிநாடு போவதற்காகக் காத்திருந்தான். காத்திருப்பதே அப்போது பலருக்கு முழுநேர உத்தியோகம். மற்றது நான். பகலில் கோட்டையில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கிளார்க். மாலையில் ரிதம் கிற்றார். இரண்டையும் ஒரே அளவு திறமையோடுதான் செய்தேன்.

எங்களுக்கு வாய்த்த நிகழ்ச்சிகளும் அந்தக் காலத்துக்குரியவை. ஒருமுறை நிச்சயதார்த்தம் ஒன்றில் வாசித்தோம். மாப்பிள்ளை கனடாவில். அவருடைய சட்டம் போட்ட படத்தைப் பொம்பிளைக்குப் பக்கத்துக் கதிரையில் வைத்திருந்தார்கள். படத்துக்கும் ஒரு தட்டில் கேக் வைத்தார்கள். நாங்கள் படத்தைப் பார்த்துக் காதல் பாட்டுப் பாடினோம்.

எங்கள் ஒரே சொத்து அன்ரனின் அம்ப்ளிபயர். ஏதோ ஹோட்டல் பாண்ட்காரர் கைவிட்டதை வாங்கிவந்திருந்தான். வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்ட இருந்தால் ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், இடியப்ப உரல் எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்னும். நாங்கள் பாட்டுப் பழகும் எங்கள் வீட்டுக் கராஜில் வைத்த அம்ப்பை அது விட்டுவைக்குமா? சில மாதங்களில் அதற்கு வருத்தம் பிடித்தது. நல்லாப் பாடிக்கொண்டிருக்கும், திடீரென்று தொண்டை கட்டியதுபோல் கரகரக்கும், சடசடக்கும், பிறகு தானாகவே தெளியும். இடது பக்கத்தில் ஓங்கி ஒன்று போட்டால் கொஞ்ச நேரம் மரியாதையாக இருக்கும்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம். அன்ரன் வயரை மாற்றினான், கிற்றாரை மாற்றினான், வால்யூம் குமிழுக்கு மருந்தடித்தான். நான் ரியூப் லைட்டைக் குற்றம் சொன்னேன். அணைத்துவிட்டு இருட்டில் வாசித்துப் பார்த்தோம், இருட்டிலும் சடசடத்தது. அம்மாவின் ஃபிரிட்ஜை நிற்பாட்டினோம். மீன் பழுதானதுதான் மிச்சம். கடைசியில் கிற்றாரைக் கழற்றி எடுத்த பிறகும் சத்தம் வந்ததால், நோய் பெட்டிக்குள்தான் என்று முடிவாகியது. புறக்கோட்டைக் கடையொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். வழியில் மூன்று சோதனைச்சாவடியில் இறக்கித் திறந்து காட்டினோம். கடையில் அது குயில்போலக் கூவியது. கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்து, "பெட்டிக்கு ஒண்டுமில்லை தம்பி" என்றார்.

பிறகுதான் ஒரு ஞாயிறு பின்னேரம் அது வாய் திறந்தது.

அன்ரன் இரண்டு பாட்டுக்கிடையில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான். சடசடப்புக்கு நடுவே ஓர் ஆண்குரல், "ஹரி, ஹரி, ஓவர்" என்று சிங்களத்தில் சரி, சரி சொன்னது.

குகனின் கையிலிருந்த குச்சி அப்படியே நின்றது. "அண்ணை, இது கதைக்குது."

எங்கள் ஒழுங்கை காலி வீதி என்ற பெருந்தெருவில் ஏறும் முனையில் மண்மூட்டை அடுக்கிய சோதனைச்சாவடி. அங்கிருந்த பொலிஸாரின் வோக்கிடோக்கி எங்கள் அம்ப்பில் கேட்கிறது! அன்ரனுக்கு ஒரே புழுகம், துள்ளினான். "மச்சான், பெரிய ரேடியோ வேலையெல்லாம் செய்யுது!" நான் பாய்ந்து சத்தத்தைக் குறைத்தேன். மூன்று தமிழ்ப் பெடியள், ஒரு கராஜ், ஒரு வயர்ப்பெட்டி, அதற்குள் பொலிஸின் குரல். இதை எந்த மொழியில் விளங்கப்படுத்துவது?

அம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டா. "அதைக் கொண்டுபோய்க் கடல்லை போட்டிட்டு வாங்கோ."

கடலுக்குப் போகும் வழியிலும் ஒரு காவலரண் இருந்தது. ஆகவே பெட்டியைப் போர்வையால் மூடிவைத்தோம். ஆனால் அடுத்த கிழமை ஒரு பிறந்தநாள் வீடு. பழகாமல் எப்படிப் போவது? மெதுவாக, மிக மெதுவாக வாசித்தோம். அன்று பார்த்துச் சுற்றிவளைப்பு. ஒரு சார்ஜன்ட் இரண்டு பேரோடு கராஜுக்குள் நுழைந்தார். "மேக்க மொக்கத?" என்று பெட்டியைக் காட்டி என்னவென்று கேட்டார். அன்ரன் தன் கொட்டாஞ்சேனைச் சிங்களத்தில் கிற்றாரின் வரலாற்றைத் தொடங்கினான். சார்ஜன்டோ அதற்குள் வோக்கிடோக்கியை வாயருகே கொண்டுபோய், தான் நிற்கும் இடத்தைச் சொன்னார். அவர் சொன்னதை அவருடைய குரலிலேயே எங்கள் அம்ப் திருப்பிச் சொன்னது. கொஞ்சம் சத்தமாகவும்.

எங்களையும் பெட்டியையும் ஒரே ஜீப்பில் ஏற்றினார்கள். பெட்டிக்கு இருக்கை கிடைத்தது. நாங்கள் கீழே இருந்தோம்.

பொலிஸ் நிலையத்தில் அம்ப்பைப் பொறுப்பதிகாரியின் மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தார்கள். "மேக்க கதா கரனவா சேர்," இது பேசுது சேர், என்றார் சார்ஜன்ட். அதிகாரி காத்திருந்தார். பெட்டி பேசவில்லை. சார்ஜன்ட் அறை மூலையில் நின்று வோக்கிடோக்கியில் ஹலோ சொன்னார். விறாந்தையில் நின்று சொன்னார். முற்றத்து மாமரத்தடியில் நின்று கத்தினார். புறக்கோட்டைக் கடையில் காட்டிய அதே நல்ல பிள்ளை முகத்தோடு பெட்டி மௌனம் காத்தது. அதிகாரி இப்போது எங்களைப் பார்க்கவில்லை, சார்ஜன்டைப் பார்த்தார். எனக்கு அந்த மனிதர்மேல் இரக்கம்கூட வந்தது. எங்கள் கராஜில் நல்லாப் பேசினது சேர் என்று வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"கஹண்ட பலண்ட," வாசி பார்ப்போம், என்றார் அதிகாரி. அன்ரன் சிங்களவர் கேட்டாலே ஆடும் பைலாப் பாட்டொன்றை எடுத்தான். அம்ப் அதன் வாழ்நாளில் அப்படி இனித்ததில்லை. பக்கத்து அறைகளிலிருந்து தொப்பிகள் எட்டிப்பார்த்தன. ஒரு கான்ஸ்டபிள் மேசையில் தாளம் போட்டார். அதிகாரி சிரித்தார், பிளேன்ரீ வரவழைத்தார். தப்பினோம் என்று குகன் என் முழங்காலில் தட்டினான்.

பிறகு, போகுமுன் ஒரு சம்பிரதாயத்துக்காக, அடையாள அட்டைகளைக் கேட்டார்கள். அன்ரன் பிறந்தது கொழும்பு. நான் பிறந்தது கொழும்பு. குகனின் அட்டையில் பருத்தித்துறை என்றிருந்தது. அதிகாரி அதைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி திருப்பிப் பார்த்தார். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. வெள்ளவத்தைக்கு எப்போது வந்தாய், ஏன் வந்தாய் என்று கேள்விகள் தொடங்கின. அவன் எங்கள் வீட்டில் தங்கியிருப்பதாகப் பொலிஸில் பதிந்த துண்டை அம்மா ஓடிவந்து காட்டியும் பயனில்லை.

பேசிய பெட்டியை விட்டார்கள். எங்கள் இருவரையும் விட்டார்கள். டிரம்ஸ் அடித்தவனை வைத்துக்கொண்டார்கள். பெட்டி எங்கே பிறந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்ரன் அன்று பின்னேரமே அம்ப்பைப் பிரித்துப் போட்டான். ஒவ்வொரு வயராக இழுத்துத் தேடினான். கிற்றார் வயரைச் செருகும் துவாரத்துக்குப் பின்னால் எர்த் கம்பி உப்பில் அரித்து, பச்சை பூத்து, தொட்டும் தொடாமலும் நின்றது. ஒரு துளி ஈயம் வைத்து ஒட்டினான். அதோடு எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. "இவ்வளவுதானடா," என்றான். "இவ்வளவுதான்." பிறகு நிலத்தில் இருந்து அழுதான்.

அம்மா ஒவ்வொரு நாளும் சோற்றுப் பார்சலோடு போனா. சில நாள் வாங்கினார்கள், சில நாள் திருப்பி அனுப்பினார்கள். தனக்குத் தெரிந்த அவ்வளவு சிங்களத்தையும் அந்த வாசலில் செலவழித்தா. குகனிடம் அம்ப்பைப் பற்றி முதல் நாளுக்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் இப்போது எங்கே என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். ஒரு சட்டத்தரணி அலைந்து திரிந்து அவனை வெளியே எடுத்தபோது ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. மெலிந்து, தலை மொட்டையாக வந்தான். கராஜுக்குக் கூட்டிப்போனோம். டிரம்ஸுக்கு முன்னால் இருந்தான், அடிக்கவில்லை.

"இப்ப அது கதைக்கிறேல்லையோ?"

"இல்லையடா," என்றான் அன்ரன். "திருத்தியாச்சு."

"நல்லது," என்றான் குகன். சில மாதங்களில் சுவிஸ் போய்ச் சேர்ந்தான். அன்ரன் அவுஸ்திரேலியா போனான். அம்ப்பைக் கொச்சிக்கடைப் பக்கத்துப் பாண்ட்காரர் யாரோ வாங்கிப்போனார்கள். எங்கள் வீடும் கராஜும் இருந்த காணியில் இப்போது பத்து மாடி நிற்கிறது. அதிலொரு மாடியில் நானும் இருக்கிறேன்.

சோதனைச்சாவடி இருந்த முனையில் ஒரு பழச்சாறுக் கடை வந்திருக்கிறது. மண்மூட்டை, முள்கம்பி, வரிசை, ஒன்றும் இல்லை. இந்தத் தலைமுறைப் பிள்ளைகளிடம் சொன்னால், அங்கேயா என்று கேட்கிறார்கள். போன ஆவணியில் குகன் மனைவி பிள்ளைகளோடு வந்திருந்தான். வயிறு வைத்து, ஆள் நன்றாக இருந்தான். "வா, அன்னாசி ஜூஸ் குடிப்பம்" என்று ஒழுங்கையால் நடத்திக்கொண்டு போனேன். தன் வேலை, வீட்டுக் கடன், பனி என்று சிரித்துக் கதைத்தபடி வந்தவன், முனை வந்ததும் பேச்சை நிறுத்தினான். வலது கை தானாக எழுந்து சட்டைப் பைக்குள் போய்த் துழாவியது. முன்பு அந்த முனையில் எடுத்துக் காட்டவேண்டிய இலங்கை அடையாள அட்டை அவனிடம் இல்லாமற்போய் எத்தனையோ வருடம்.

"என்னடா?" என்றேன்.

"ஒண்டுமில்லை அண்ணை. கண்ணாடியைத் தேடினனான்."

கண்ணாடி அவன் மூக்கில் இருந்தது.