அண்ணன் தொடாத கெளுத்தி

என் அண்ணன் கருப்பையா போய்விட்டார் என்று ஆத்தங்குடியிலிருந்து ஆள் வந்து சொன்னபோது நான் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். முறத்தை வைத்துவிட்டு, "பினாங்கிலேருந்து தாக்கல் தகவல் ஏதும் வந்துச்சா?" என்றுதான் முதலில் கேட்டேன். வந்தவர் இல்லையென்று தலையசைத்தார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணன் தரைக்கல் பட்டறையில் வேலை பார்த்தவர். அண்ணி இறந்தபின் மகன் முத்துவைத் தனியாளாக வளர்த்தவர். தொண்டியிலிருந்து வரும் கடல் கெளுத்தி என்றால் உயிர். செதிலில்லாத மீன் என்று நாங்கள் முகம் சுளித்தால், "நல்லாச் சுளிங்க, எனக்கு ரெண்டு துண்டு கூடக் கெடைக்கும்" என்பார்.

சீனாக்காரன் சண்டைக்கு மறுவருடம் முத்துவைப் பினாங்குக்குக் கப்பலேற்றியவர் அண்ணியின் தம்பி. "அங்க கடையில இருந்தாத்தான், மச்சான், பய மனுசனாவான்" என்று பேசிப் பேசியே அண்ணன் வாயை அடைத்தார். அதை நான் இன்றும் மன்னிக்கவில்லை. கொஞ்ச காலம் கடிதம் வந்தது. பிறகு நின்றது.

அந்தச் சமயத்தில் ஒருநாள் அண்ணனோடு சந்தைக்குப் போனேன். மீன்காரப் பெண் கெளுத்தியின் முள்ளை ஒடித்து வாயைப் பிளந்தாள். உள்ளே கோலிக்குண்டு போல முட்டைகள்.

"எவன் முட்டையையோ திருடித் தின்னுருக்கு பாரு" என்றேன்.

"திருடல ஆத்தா. இது ஆம்பள மீனு. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் முட்டைய வாயிலதான் வச்சிருக்கும். எரை எடுக்காது."

அண்ணன் வெறுங்கையோடு திரும்பினார். "பய வந்து சேர்ற வரைக்கும் இதைத் தொட மாட்டேன் தங்கச்சி."

தொடவில்லை. "மீனுக்குப் பயந்துட்டீகளோ?" என்று பட்டறையில் கேலி செய்தார்கள். "மீனுக்கில்லப்பா, அது பட்டினிக்கு" என்றாராம்.

போன வருடம் பொறுக்காமல் கேட்டேன். "இனியும் வருவான்னா நெனைக்கிறீக?"

"வரமாட்டான். ஆனா நான் வாயத் தொறந்து தின்னுட்டா, அவன் செத்துட்டான்னு நானே சொன்னதா ஆயிரும்ல."

வாய்க்கரிசி போடவும் முத்து வரவில்லை. கருமாதிப் படையலில், இலை நடுவே கெளுத்திக் குழம்பு. வாங்கி வந்தவர் அண்ணியின் தம்பி.

"மச்சானுக்குப் பிடிச்சதுன்னு தேடி வாங்கியாந்தேன் மதினி."

"எடுங்க."

"செத்தவுகளுக்கு என்ன விரதம்?"

"பய இன்னும் வரலையே."

அவர் அசையவில்லை. குழம்பு பட்ட சோற்றை நானே வழித்தெடுத்தேன். காகத்துக்கு மோர்ச்சோறுதான் போயிற்று.

போய் வாருங்கள் அண்ணே. நான் இருக்கும்வரை உங்கள் இலைக்குக் கெளுத்தி வராது. அதற்குப் பிறகு தடுக்க ஆளில்லை.