எட்டு டிகிரியில் பேரிக்காய் வாசனை

என் மனைவிக்கு வாசனை தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சலில் போனது, போனதுதான். வீட்டில் பால் தீய்ந்தால் நான்தான் அடுப்படிக்கு ஓட வேண்டும். இதில் கூத்து என்னவென்றால், அவளுக்கு வேலை எசன்ஸ் கம்பெனியில். பிஸ்கட்டுக்கும் ஐஸ்கிரீமுக்கும் பழ வாசனை தயாரிக்கிற இடம். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, என்னைத் தவிர ஈ காக்கைக்குக்கூட அவள் சொல்லவில்லை.

நானும் அங்கேதான் குளிர்சாதன மெக்கானிக். குளிர் அறையை எட்டு டிகிரியில் வைத்திருப்பது என் பாடு. நாள் முழுக்க அதற்குள் இருப்பது அவள் பாடு. அதனால் அவளுக்கு ‘ஸ்வெட்டர் அக்கா’ என்று பெயர்.

பழ வாசனையைச் சூட்டில் தயாரித்தால் வெந்த நாற்றம் வந்துவிடும். பனிக்கடலில் வாழும் ஒரு பாக்டீரியாவின் நொதியோ குளிரில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். சூடு பட்டால் சுருண்டுவிடும். அந்த நொதியை மீன் முட்டை அளவுள்ள ஜெல் மணிகளுக்குள் சிறை வைத்து, மணிகளைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பி, மேலிருந்து அமிலமும் ஆல்கஹாலும் கலந்த எண்ணெயை விட வேண்டும். நொதி அந்த இரண்டையும் இணைத்துப் பழ வாசனையாக மாற்றும். கீழே சொட்டுவதில் பேரிக்காய் மணக்க வேண்டும். மணிகளை உருட்டியதிலிருந்து எல்லாமே இரண்டு வருஷமாக அவள் கைவேலை.

வாசனைதான் வந்தபாடில்லை.

எங்கள் முகர்வு நிபுணரை ‘மூக்கு சார்’ என்போம். தங்கமான மூக்கு. கோபமும் அதன் நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். வாரா வாரம் கம்பளிக் கோட்டுடன் குளிர் அறைக்குள் வருவார். அங்கேயே பாட்டிலை முகர்ந்து, ஒழுகும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவிட்டுப் போவார். குழாயிலிருந்து வரும் எதுவும் அந்த அறையைத் தாண்டக் கூடாது, நொதி கெட்டுவிடும் என்று விதி. விதி போட்டவரும் அவர்தான்.

குழாய் ஓடத் தொடங்கியதிலிருந்து எட்டு வாரம் பார்த்துவிட்டு மேனேஜர் மேடம் முடிவு சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை குழாயைக் கழற்றிவிட வேண்டும். ஸ்வெட்டர் அக்கா பேக்கிங்குக்குப் போக வேண்டும்.

அன்று வீட்டில் அவள் சாப்பிடவே இல்லை.

“அமிலம் குறையுதுங்க. மேல பத்து பங்கு விட்டா கீழ ரெண்டு பங்குதான் வருது. மீதி எட்டு எங்க போச்சு?”

காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தை வைத்து மிச்ச அமிலத்தை அளப்பது அவள் வழக்கம். முகர முடியாதவளுக்கு அதுதான் சாட்சி.

“மூக்கு சார்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். மணி உறிஞ்சியிருக்கும்ங்கறார். எட்டு வாரமா உறிஞ்சினா மணி இந்நேரம் வெடிச்சிருக்கணும்.”

வெள்ளிக்கிழமை ஸ்பானரோடு குளிர் அறையில் போய் நின்றேன். மேடமும் மூக்கு சாரும் வந்திருந்தார்கள். பெண்டாட்டி கட்டியதைக் கழற்ற என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள், பாவிகள். அவள் குழாய்க்குக் குறுக்கே நின்றுகொண்டாள்.

“இந்த பாட்டில வெளிய எடுத்துட்டுப் போய் மோந்து பாருங்க சார்.”

“நொதி செத்துடும்மா.”

“நொதி மணிக்குள்ள இருக்கு சார். பாட்டில்ல இருக்கறது வெறும் எண்ணெய். அதுக்கு எதுக்குக் குளிர்?”

மூக்கு சார் குழாயையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உனக்கு ஏதாவது வாசனை வருதா?” என்று மேடம் அவளைக் கேட்டார்.

வருகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை.

“எனக்கு வாசனையே தெரியாது மேடம். மூணு வருஷமாச்சு. அதனாலதான் அளந்து பாக்கறத விட்டா எனக்கு வேற வழியில்ல. அளவு பொய் சொல்லல.”

மேடம் அவளையே பார்த்தார். பிறகு பாட்டிலைத் தானே எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு நடந்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலைப் பத்து நிமிஷம் வைத்தோம். மூக்கு சார் மூடியைத் திறந்தார்.

வாசனை மூக்கைத் துளைத்தது என்று சும்மா சொல்லவில்லை. பக்கத்து அறையிலிருந்து நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன், வராந்தாவில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவளோ எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்படி சார் இருக்கு?”

“நல்லா பழுத்த பேரிக்காய்,” என்றார் மூக்கு சார், கண்ணை மூடிக்கொண்டு. “தோலோட கடிச்ச மாதிரி இருக்கு. வெந்த வாசனை துளிகூட இல்ல. குளிர்ல எண்ணெய் இதப் பிடிச்சு வச்சிருக்கு. என் மூக்கும் அங்க மரத்துப் போயிருக்கு.”

மேடம் என் பக்கம் திரும்பினார். “ஸ்பானர உள்ள வைப்பா. ரெண்டாவது குழாய்க்கு இடம் பாரு. குளிர் அறை இனிமே இவங்க பொறுப்பு.”

மூக்கு சார் நோட்டைத் திறந்து அவளிடம் நீட்டினார்.

“உங்க அளவ முதல்ல எழுதுங்க. கீழ நான் கையெழுத்துப் போடறேன்.”